மலை கரைந்து போன வழி

(ஜமுனாமரத்தூரில் ஆசிரியர்களும் மாணவர்களும் ஊர்ப் பெரியவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஜவ்வாது மலைக்குப் பேச வருகிறவர்கள் சந்தன மரத்தைப் பேசுவார்கள், சாமையைப் பேசுவார்கள், பீமன் அருவியைப் பேசுவார்கள். படித்தவர்கள் என்றால் காவலூர் தொலைநோக்கியைப் பேசுவார்கள். நான் இந்த மலையில் இப்போது இல்லாத ஒன்றைப் பேச வந்திருக்கிறேன். இங்கே இருந்து, கரைந்து, ஆற்றோடு போய்விட்ட மலையைப் பற்றி.

நீங்கள் நிற்கும் இந்தப் பாறையிலிருந்தே தொடங்குகிறேன். சாலைக்கு வெட்டிய இடங்களில் பாருங்கள். வெயில் படாத உட்பகுதி நீலமும் பச்சையும் கலந்த கறுப்பாக, எண்ணெய்ப் பளபளப்போடு இருக்கும். பெயர் சார்னோகைட். பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் இருப்பது இதே இனம். கல்கத்தாவை நிறுவியவர் என்று சொல்லப்படும் ஜோப் சார்னாக்கின் கல்லறை அங்கே செயின்ட் ஜான் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. அந்தக் கல்லைப் பார்த்த தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர், இது வங்காளத்துக் கல் இல்லை, சென்னைப் பக்கத்துக் கல் என்று கண்டுகொண்டார். 1893-இல் அந்தக் கல்லறைக்காரர் பெயரையே பாறைக்கு வைத்தார். அதில் என்ன கனிமங்கள் இருக்கின்றன, எந்த அமைப்பில் இருக்கின்றன என்பதே அவருக்குச் சாட்சி. கப்பல் ரசீது தேவைப்படவில்லை. இன்று நான் சொல்லப்போகும் வேலை முழுவதும் இதுதான். ஹாலண்டிடம் ஒரு கல்லறைப் பலகை இருந்தது. நம்மிடம் இருப்பது மணல்.

இந்தப் பாறைக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு. வயதை விட வியப்பானது அது உருவான ஆழம். சார்னோகைட்டில் இருக்கும் கனிமங்கள் தரைக்கு அருகில் உருவாகக்கூடியவை அல்ல. ஏறத்தாழ 20 முதல் 30 கிலோமீட்டர் ஆழத்தில், 700, 800 டிகிரி வெப்பத்தில், பெரும் அழுத்தத்தில்தான் அவை பிறக்கும். அந்த ஆழத்துப் பாறை இன்று உங்கள் சாமை வயலின் வரப்பில் கிடக்கிறது. அப்படியென்றால் அதற்கு மேலே இருந்த 20 கிலோமீட்டர் எங்கே? எவரெஸ்ட்டை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு முறை அடுக்கினாலும் அந்தக் கணக்கு நிரம்பாது. அவ்வளவும் கரைந்து, உடைந்து, மணலாகவும் களிமண்ணாகவும் போயிருக்கிறது.

போன வழி இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. மிருகண்டா நதியும் கமண்டல நாகநதியும் செய்யாற்றில் சேர்கின்றன. செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றில் சேர்கிறது. பாலாறு வாயலூரில் கடலைத் தொடுகிறது. தென்மேற்குச் சரிவில் விழும் மழை தென்பெண்ணைக்குப் போய்க் கடலூர்ப் பக்கம் இறங்குகிறது. இது இன்றைய தடம். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் எந்தத் தடத்தில் போனது, எந்தப் பள்ளத்தில் போய் நின்றது, அந்தப் பள்ளம் ஏன் அங்கே உண்டானது என்பவைதான் கேள்விகள்.

தமிழ்நாட்டின் கடலோரச் சமவெளிக்கு அடியில் பெரிய பள்ளங்கள் புதைந்திருக்கின்றன. வடக்கே பாலாற்றுப் படுகை. தெற்கே அதைவிடப் பெரிய காவிரிப் படுகை. நிலவியலில் படுகை என்றால் ஆறு நனைக்கும் நிலம் அல்ல. நிலத்தின் அடித்தளமே பிளந்து கீழே இறங்கி, அந்தக் குழியில் மண் வந்து வந்து நிரம்பிய இடம். காவிரிப் படுகையில் சில இடங்களில் 5, 6 கிலோமீட்டர் கனத்துக்கு மண் நிரம்பியிருக்கிறது. தஞ்சாவூர்ப் பெரிய கோயில் முன்னால் நின்று பார்த்தால் தட்டையான வயல்தான் தெரியும். கீழே மேடும் பள்ளமுமாக ஒரு மலைநாடே புதைந்து கிடக்கிறது. அரியலூர்–புதுச்சேரிப் பள்ளம், தரங்கம்பாடிப் பள்ளம், தஞ்சாவூர்ப் பள்ளம், நாகப்பட்டினம் பள்ளம். அவற்றுக்கு இடையே கும்பகோணம், காரைக்கால், பட்டுக்கோட்டை–மன்னார்குடி முகடுகள். எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகம் நரிமணத்திலும் கோவில்களப்பாலிலும் எண்ணெய் எடுப்பது இந்தப் புதைந்த நாட்டிலிருந்துதான்.

இந்தப் பள்ளங்களும் முகடுகளும் வடகிழக்கிலிருந்து தென்மேற்காக நீண்டு கிடக்கின்றன. ஜவ்வாது மலையும் அப்படித்தான் நீண்டிருக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர் வழியாகப் பாலாறு ஓடும் பள்ளத்தாக்கும் அதே திசைதான். இது தற்செயல் இல்லை. 1971-இல் கிரேடி என்ற ஆய்வாளர் தென்னிந்தியாவின் ஆழ்பிளவுகளை வரைந்து காட்டியபோது இந்தப் பகுதி அதில் முக்கிய இடம் பெற்றது. அந்தப் பிளவுகள் வழியாகத்தான் சுமார் 75 கோடி ஆண்டுகளுக்கு முன் ஏலகிரியின் சயனைட் பாறையும், திருப்பத்தூருக்குப் பக்கத்துச் சேவத்தூரின் கார்பனடைட் பாறையும் உருகிய நிலையில் மேலே வந்தன. பழைய வலுவிழந்த கோடுகள் வழியாகவே பின்னால் வந்த பிளவும் ஓடியது. கண்டம் உடையும்போது புதிதாக ஓரிடத்தைத் தேடுவதில்லை. முன்பே விரிசல் கண்ட இடத்தில்தான் உடையும்.

அந்த உடைவின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், பள்ளிப் புத்தகத்தில் இருப்பதுதான். இந்தியா, இலங்கை, அண்டார்க்டிகா, மடகாஸ்கர், ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா எல்லாம் ஒட்டிக் கிடந்த பெருநிலத்துக்குக் கோண்டுவானா என்று பெயர். நம்முடைய கிழக்குக் கரைக்கு எதிரே அன்றைக்கு வங்கக் கடல் கிடையாது. அண்டார்க்டிகா இருந்தது. இலங்கை பக்கத்திலேயே ஒட்டியிருந்தது. சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் அண்டார்க்டிகா நம்மை விட்டுப் பிரிந்தது. பிரிவதற்கு முன் நிலம் இழுபட்டு மெலிந்து, பட்டை பட்டையாகக் கீழே இறங்கியது. காவிரிப் படுகை பிறந்தது அப்போதுதான்.

பள்ளிப் புத்தகம் இங்கே நிறுத்திவிடும். எனக்கு இங்கேதான் கேள்வியே தொடங்குகிறது. புதிதாகப் பிறந்த அந்தப் பள்ளத்துக்கு மேற்கே நம்முடைய மலைகள். கிழக்கே அண்டார்க்டிகாவும் இலங்கையும். மண் எந்தப் பக்கத்திலிருந்து வந்து விழுந்தது? இரண்டு பக்கத்திலிருந்தும் விழுந்திருக்க முடியும். கிழக்கிலிருந்து வருவது எப்போது நின்றதோ, அப்போது நடுவே ஆழமான கடல் உண்டாகிவிட்டது என்று பொருள். ஆக, மணலின் ஊரைக் கண்டுபிடித்தால் கண்டம் பிரிந்த காலத்தையும் விதத்தையும் கண்டுபிடிக்கலாம்.

இதை எப்படிச் செய்வது? செய்யாற்றில் வெள்ளம் வடிந்த மறுவாரம் போய்ப் பாருங்கள். வெள்ளை மணலின் மேல் கறுப்புக் கோடு கோடாகப் படிந்திருக்கும். ஒரு கைப்பிடி அள்ளித் தட்டில் போட்டுத் தண்ணீர் விட்டு, அம்மா முறத்தில் புடைக்கிற அதே பக்குவத்தில் மெல்ல ஆட்டுங்கள். லேசான வெங்கச்சங்கல் மணல் விளிம்பு தாண்டிப் போய்விடும். கறுப்பு மட்டும் அடியில் நிற்கும். காய வைத்துக் காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி மேலே கொண்டுபோனால் மேக்னடைட் எழுந்து ஒட்டிக்கொள்ளும். மிச்சத்தில் கறுப்பாக இருப்பதில் பெரும்பங்கு இல்மனைட். ரோஜா நிறத்தில் உருண்டையாக இருப்பது கார்னெட். உருப்பெருக்கியில் பார்த்தால் இவற்றுக்கு நடுவே, நிறமே இல்லாமல், இரு முனையும் கூராக, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு நீளத்தில் சில குச்சிகள் கிடைக்கும். குறுகிய அலைநீளப் புற ஊதா விளக்கைக் காட்டினால் அவற்றில் பல மஞ்சளாக ஒளிரும். அதுதான் சிர்கான். நாம் தேடி வந்த ஆள்.

சிர்கானுக்கு இரண்டு குணம். ஒன்று, அது அழியாது. ஆறு உருட்டினாலும், கடல் அலைத்தாலும், மறுபடி பாறைக்குள் புதைந்து வெந்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் பகுதியில் கிடைத்த ஒரு சிர்கானுக்கு வயது 440 கோடி ஆண்டு என்று 2001-இல் அறிவித்தார்கள். அது பிறந்த பாறை இன்று உலகில் எங்கும் இல்லை. மணி மட்டும் இருக்கிறது. இரண்டாவது குணம், அது உருவாகும்போது யுரேனியத்தைச் சேர்த்துக்கொள்ளும், காரீயத்தைச் சேர்க்காது. பிறகு யுரேனியம் தன்னால் சிதைந்து காரீயமாகும். ஆகவே உள்ளே இருக்கும் காரீயம் எல்லாம் பிறப்புக்குப் பின் விளைந்தது. யுரேனியம்-238 பாதியாகக் குறைய சுமார் 447 கோடி ஆண்டு. யுரேனியம்-235 பாதியாகக் குறைய சுமார் 70 கோடி ஆண்டு. ஒரே மணியில் இரண்டு கணக்கு ஓடுகிறது. இரண்டும் ஒரே விடை சொன்னால் நம்பலாம். முரண்பட்டால் இடையில் அந்த மணிக்கு ஏதோ நேர்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

ஆய்வகத்தில் செய்வதும் தட்டில் ஆட்டிய வேலைதான், கொஞ்சம் நுட்பமாக. மணற்கல்லை இடித்து, புரோமோஃபார்ம் போன்ற கனமான திரவத்தில் கொட்டுவார்கள். வெங்கச்சங்கல் மிதக்கும், சிர்கான் அடியில் போகும். பொறுக்கிய மணிகளைப் பிசினில் பதித்து, பாதி தேயும்வரை மெருகிட்டு, எலக்ட்ரான் கற்றையைக் காட்டினால் உள்ளே மரத்தின் வளையங்கள் தெரிகிறது போல அடுக்குகள் தெரியும். உள்மையம் ஒரு வயது, வெளி அடுக்கு இன்னொரு வயதாக இருப்பது சகஜம். லேசர் கதிரால் மயிரிழையை விடச் சிறிய குழி தோண்டி, கிளம்பும் ஆவியைக் கருவிக்குள் அனுப்பி அணுக்களை எண்ணுவார்கள். எத்தனை மணிகளை எண்ணினால் போதும்? மணற்கல்லில் இருபதில் ஒரு பங்கு இருக்கும் மூலம்கூடத் தவறிவிடக் கூடாது என்றால் 117 மணிகள் வேண்டும் என்று 2004-இல் வெர்மீஷ் என்ற ஆய்வாளர் கணக்கிட்டுச் சொன்னார். இருபது மணியை அளந்துவிட்டுக் கண்டங்களை நகர்த்துகிற கட்டுரைகளும் உண்டு. அவற்றை நான் படிப்பேன், நம்ப மாட்டேன்.

நமக்கு நெருக்கமான ஒரு செய்தி. உலகெங்கும் இந்தக் கருவிகளைச் சரிபார்க்க, வயது உறுதியாகத் தெரிந்த சிர்கான் துண்டு ஒன்று வேண்டும். அதற்குப் பல காலமாகப் பயன்படுபவற்றில் சில இலங்கையின் ரத்தினக்கல் சரளையில் கிடைத்தவை. வயது சுமார் 56 கோடி ஆண்டு. ஆஸ்திரேலியாவிலோ ஜெர்மனியிலோ ஒரு பாறைக்கு வயது சொல்லும்போது பக்கத்தில் இலங்கைக் கல் சாட்சிக்கு இருந்திருக்கக்கூடும்.

இனி ஊர் அடையாளங்கள். ஜவ்வாது மலையும் சேலம் பக்கத்து மலைகளும் சென்னைப் பக்கத்துச் சார்னோகைட்டும் சுமார் 250 கோடி ஆண்டுக் கூட்டம். மேற்கே கர்நாடகத்தின் பழைய நைஸ் பாறைகளில் 300 கோடியைத் தாண்டியவை உண்டு. தெற்கே மதுரைக்குப் போனால் 55 கோடியை ஒட்டிய பெரும் வெப்பத்தின் தடம் வலுவாக இருக்கும். இலங்கையின் மத்திய மலைநாட்டிலும் அதே 55, 60 கோடித் தடம். வன்னிப் பக்கத்துப் பாறைகளில் 100 கோடியை ஒட்டிய மணிகள். ஆந்திரத்துக் கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலும் 95, 100 கோடி. நம் வீட்டுக்குப் பக்கத்து ஏலகிரிக்கு 75 கோடி. அரியலூர் மணற்கல்லில் ஒரு பிடி சிர்கானை அளந்து, 250 கோடி இத்தனை, 55 கோடி இத்தனை என்று பிரித்துவிட்டால் வேலை முடிந்தது.

முடியவில்லை. மதுரைப் பாறைத் தொகுதியின் வடபகுதியிலும் 250 கோடி ஆண்டுப் பாறை இருக்கிறது. பாலாறும் தென்பெண்ணையும் பிறக்கும் நந்தி மலைப் பக்கத்துக் கிரானைட்டும் ஏறத்தாழ அதே வயதுதான். 55 கோடி என்றால் மதுரையா இலங்கையா? வயது மட்டும் விடை சொல்லாது. அதனால்தான் வேறு சாட்சிகளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. ஹைபர்ஸ்தீன் என்ற கனிமம் மணலில் இருந்தால் சார்னோகைட் பக்கத்தில் இருக்கிறது என்று சொல்லலாம். ஆனால் அது சீக்கிரம் அழுகிப்போகும், பழைய மணற்கற்களில் தேடுவது வீண். கார்னெட்டின் வேதியியல், சில்லிமனைட் இருக்கிறதா இல்லையா, அரிய மண் தனிமங்களின் விகிதம், மணற்கல்லில் அடுக்குகள் சாய்ந்திருக்கும் திசை காட்டும் பழைய நீரோட்டம் என எல்லாம் சேர்ந்து ஒரே ஊரைக் காட்டினால்தான் தீர்ப்பு எழுதலாம்.

வயது பார்க்கும் கருவி வருவதற்கு நூறாண்டுக்கும் முன்பே இந்தப் படுகையைப் படித்தவர்கள் உண்டு. 1840-ஐ ஒட்டி கேய், கன்லிஃப் என்ற இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பக்கத்துத் தொல்லுயிர் எச்சங்களைச் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினார்கள். 1862-இல் பிளான்ஃபோர்டு என்ற நிலவியலாளர் அந்தப் பகுதியை முழுதாக வரைபடம் ஆக்கி, ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதியாகப் பிரித்தார். நடந்தே பார்த்து அவர் பிரித்த பிரிவுதான் இன்றைக்கும் அடிப்படை.

அந்த அடுக்குகளைக் கீழிருந்து மேலாகப் படித்துக்கொண்டு போனால் நிலம் அசைந்த கதை தெரியும். அடியில் தெரணிப் பக்கத்தில் இலைத் தடங்கள் பதிந்த களிமண். நிலத்தில் வளர்ந்த செடிகள். அதையொட்டி நைஸ் பாறையின் பெரிய உருள்கற்கள். பெரிய கல் நெடுந்தூரம் போகாது, ஆகவே அருகிலேயே செங்குத்தான பாறைச் சரிவு இருந்திருக்கிறது. பிளவு ஓடி, ஒரு பக்கம் இறங்கி, மறுபக்கம் சுவராக நின்ற காலம் அது. பிறகு கடல் உள்ளே வந்தது. டால்மியாபுரத்துப் பவளச் சுண்ணாம்பு படிந்தது. அதன்மேல் காரைக் களிமண், பல நூறு மீட்டர் கனத்துக்கு. பெரம்பலூர் மாவட்டத்துக் காரைக்குப் போனவர்களுக்குத் தெரியும், மரம் இல்லாத, மழை அரித்த மேடுகள், வெயிலில் ஜிப்சம் மின்னும். களிமண் என்றால் என்ன பொருள்? அமைதி. பக்கத்து நிலம் தேய்ந்து தாழ்ந்திருக்கிறது, ஆறுகள் மெல்ல ஓடி நுண்ணிய சேற்றை மட்டும் கொண்டுவருகின்றன.

அந்த அமைதி திடீரென்று முறிகிறது. காரைக் களிமண்ணுக்கு மேல் வரும் திருச்சிராப்பள்ளித் தொகுதியில் பருமணலும் உருள்கல்லும் வருகின்றன. அந்த மணற்கல்லைக் கையில் எடுத்து உடைத்துப் பாருங்கள். இளஞ்சிவப்பு ஃபெல்ட்ஸ்பார் துண்டுகள் முனை மழுங்காமல், மண்ணாகச் சிதையாமல் இருக்கும். ஃபெல்ட்ஸ்பார் நோஞ்சான் கனிமம். ஈரமும் வெப்பமும் உள்ள ஊரில் நெடுநாள் கிடந்தால் களிமண்ணாகிவிடும். அது புதுக்கருக்கோடு வந்து சேர்ந்திருக்கிறது என்றால், மலை வேகமாக எழுந்து, வேகமாக உடைந்து, குறுகிய வழியில் இறங்கியிருக்கிறது. சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மேற்கே நிலம் மறுபடி எழுந்திருக்கிறது.

ஏன் எழுந்தது? அதே காலத்தில்தான் மடகாஸ்கர் இந்தியாவின் மேற்குக் கரையிலிருந்து பிரிந்தது. உடுப்பிக்கு அருகே மால்பே கடலில் இருக்கும் செயின்ட் மேரீஸ் தீவுகளின் எரிமலைப் பாறைகள் அந்தப் பிரிவின் மிச்சம். 2007-இல் வாட்கின்சன் என்ற ஆய்வாளரும் உடன் ஆய்வாளர்களும் காவிரிப் படுகையின் இந்தக் கிரெட்டேசியக் காலக் கதையை நிலத்தட்டு அசைவுகளோடு சேர்த்து எழுதினார்கள். மேற்குக் கரை பிரிந்த அதிர்ச்சி கிழக்குக் கரை மணலில் பதிவாகியிருக்கிறது என்பது எனக்கு ஏற்புடைய விளக்கம். அரபிக் கடல் பக்கம் நடந்த ஒன்றுக்குச் சாட்சி பெரம்பலூரில் கிடக்கிறது.

இதே தொகுதியின் படிவுகளில்தான் சாத்தனூர்க் கல்மரம் இருக்கிறது. செங்கம் பக்கத்து அணை இருக்கும் சாத்தனூர் இல்லை, பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூர். இரண்டையும் குழப்பிக்கொண்டு அணைக்குப் போய் மரத்தைத் தேடுகிறவர்கள் உண்டு. 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் அந்த மரத்தை 1940-இல் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தார். தஞ்சையில் பிறந்து, பின்னாளில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் முதல் இந்தியத் தலைவரானவர். கடல் படிவத்தில் ஒரு முழு மரம் கிடப்பதே கரை எவ்வளவு அருகில் இருந்தது என்பதற்குச் சான்று.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த சங்கடத்துக்கு வருகிறேன். மணல் தன் பிறந்த ஊரைச் சொல்லும். வந்த வழியைச் சொல்லாது. இதற்கு நம் பாலாற்றுப் பக்கத்திலேயே அருமையான எடுத்துக்காட்டு இருக்கிறது.

திருவள்ளூர் மாவட்டத்துக்கும் ஆந்திரத்துக்கும் எல்லையில் அல்லிக்குழி மலை என்று ஒரு தாழ்ந்த மேடு. சத்தியவேடு பக்கம். அது முழுக்க உருள்கற்களால் ஆனது. தேங்காய் அளவுக்கு, சில அதற்கும் பெரிதாக, வழவழப்பாக உருண்ட குவார்ட்சைட் கற்கள் மணலோடு இறுகிக் கிடக்கின்றன. கிரெட்டேசியக் காலத்து ஆறுகள் கொண்டுவந்து கொட்டியவை. அந்தக் கற்கள் எங்கிருந்து வந்தன? மேற்கே நகரி மலையின் குவார்ட்சைட்டிலிருந்து. நகரிப் பாறை எதிலிருந்து ஆனது? அதைவிடப் பழைய கிரானைட்டும் நைஸும் தேய்ந்து கடப்பைப் படுகையில் விழுந்த மணலிலிருந்து. திருமலை மலைச்சாலையில் போகும்போது நைஸின் மேல் குவார்ட்சைட் உட்கார்ந்திருக்கும் கோட்டை இன்றும் பார்க்கலாம், நிலவியல் ஆய்வுத் துறை அதைத் தேசிய நிலவியல் சின்னமாக அறிவித்திருக்கிறது. அதற்குப் பின்பும் கதை முடியவில்லை. அல்லிக்குழிக் கற்களை மறுபடி ஓடைகள் அரித்துக் கொசஸ்தலையாற்றுப் பக்கம் கொண்டுவந்தன. அங்கே அத்திரம்பாக்கத்தில் ஆதிமனிதன் அந்தக் குவார்ட்சைட்டை எடுத்துக் கைக்கோடரி செய்தான். 1863-இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் அந்த இடத்தைக் கண்டுபிடித்தார். தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு 2011-இல் வெளியிட்ட முடிவுப்படி அந்தக் கருவிகளில் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டு பழமையானவை.

ஒரு கைக்கோடரியை இடித்து அதிலிருக்கும் சிர்கானை அளந்தால் என்ன வரும்? முதல் கிரானைட்டின் வயது வரும். நகரியும் வராது, அல்லிக்குழியும் வராது, கைக்கோடரி செய்த கையும் வராது. நான்கைந்து கை மாறி வந்ததை நேரே முதல் வீட்டிலிருந்து வந்தது என்று எழுதிவிடுவோம். காவிரிப் படுகையின் மணலை அளக்கும்போதும் இதே ஆபத்து உண்டு. ஜவ்வாது மலை வயதுள்ள மணி கிடைத்தது என்பதற்காக அது ஜவ்வாது மலையிலிருந்து நேராக வந்தது என்று ஆகாது. நகரிக் குவார்ட்சைட்டின் வழியாகச் சுற்றி வந்திருக்கலாம். முதலில் கேட்ட 20 கிலோமீட்டருக்கும் இதுவே பதில். அதில் பெரும்பகுதி காவிரிப் படுகை பிறப்பதற்கு வெகு முன்பே போய்விட்டது, வேறு படுகைகளில் விழுந்து, பாறையாகி, மறுபடி கரைந்து போயிருக்கிறது. 5, 6 கிலோமீட்டர் கனமுள்ள ஒரு பள்ளத்தில் அத்தனையையும் தேடுவது கணக்கு தெரியாத வேலை.

உலகத்தில் பெரிய அளவில் இந்த வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. இமயமலை எப்போது எப்படி எழுந்தது என்பதை இமயமலையில் மட்டும் தேடுவதில்லை. கங்கையும் பிரம்மபுத்திராவும் வங்கக் கடலுக்கு அடியில் கொட்டிய மாபெரும் வண்டல் விசிறியில் 2015-இல் பன்னாட்டுக் கப்பல் ஒன்று துளையிட்டு மண் எடுத்தது. இமயமலைக்கு அவ்வளவு பணமும் கவனமும். நம்முடைய பழைய மலைகளுக்குத்தான் ஆள் குறைவு. இமயமலை நேற்றுப் பிறந்தது, இங்கே இருப்பது 250 கோடி ஆண்டு என்று நாம் பெருமை பேசிக்கொள்ளலாம். பெருமையால் துளை விழாது.

நம் ஊர் ஆட்களே விடை காண வேண்டிய கேள்வி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பாலாறு இன்று கிழக்கே ஓடி வாயலூரில் கலக்கிறது. ஒரு காலத்தில் அது வடகிழக்காகப் போய்க் கொசஸ்தலையாற்றின் தடத்தில் ஓடியது என்ற கருத்து நெடுநாளாக உண்டு. அது மெய்யா என்று நிலப்படத்தை வைத்து மட்டும் வாதாடிக்கொண்டிருக்கத் தேவையில்லை. கொசஸ்தலைப் பக்கத்துப் பழைய மணலில் ஏலகிரியின் 75 கோடி ஆண்டு மணிகள் இருக்கின்றனவா என்று பார்க்கலாம். அந்தப் பக்கத்து மற்ற மூலங்களில் அந்த வயது அரிது. ஏலகிரியின் அடியிலும் ஜவ்வாதின் அடியிலும் ஓடும் ஆற்றுக்கு மட்டுமே அது எளிதாகக் கிடைக்கும். இப்படித் தனித்துவமான ஒரு சாட்சி கிடைப்பது ஆய்வாளருக்கு அதிர்ஷ்டம்.

ஆனால் அதற்கு மணல் இருக்க வேண்டுமே. பாலாற்றில் லாரி லாரியாக அள்ளியது போக, பல இடங்களில் அடிப்பாறையும் களிமண்ணும்தான் தெரிகின்றன. அரியலூரில் சுண்ணாம்புச் சுரங்கங்கள் சிமெண்ட் ஆலைகளுக்காகப் பிளான்ஃபோர்டு நடந்த அடுக்குகளைத் தின்றுகொண்டிருக்கின்றன. சுரங்கம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனக்கும் சிமெண்ட் வீடுதான். வாரணவாசியில் அரசு அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் அருங்காட்சியகத்தில் அம்மோனைட்டு ஓடுகளைத்தான் வைப்பார்கள். மணலை யாரும் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதில்லை.

ஆசிரியர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். இந்த மலையிலிருந்து இறங்கும் ஒவ்வொரு ஓடையிலும் ஒரு கிலோ மணல் எடுத்துக் காய வைத்து, ஓடையின் பெயர், ஊர், தேதி, செல்போன் காட்டும் அட்சரேகை தீர்க்கரேகை எல்லாவற்றையும் எழுதிக் கட்டி வையுங்கள். அறிவியல் அறையில் ஒரு அலமாரி போதும். மூலத்தின் மாதிரி கையில் இல்லாமல் படுகையின் மணலை எதனோடு ஒப்பிடுவது?

சமவெளியில் உறவினர் உள்ளவர்களுக்கு இன்னொரு வேண்டுகோள். செய்யாறு, வந்தவாசி, காஞ்சிபுரம் பக்கம் திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்து போர்வெல் போடும்போது, பாறை தட்டும் வரை வெளியே வரும் மண்ணைப் பத்து அடிக்கு ஒரு கை அள்ளிப் பாலித்தீன் பையில் போட்டு, எத்தனை அடி என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். லட்சம் லட்சமாய்ச் செலவழித்து ஒரு துளை போட ஆய்வாளர்கள் அனுமதிக்குக் காத்திருக்கிறார்கள். தண்ணீருக்காக நாள்தோறும் போடும் துளைகளின் மண் வரப்போரமாய்க் கொட்டி வீணாகிறது. அந்தப் பைகளை அருகிலுள்ள கல்லூரியின் நிலவியல் துறைக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள்; வாங்க மறுத்தால் மறுபடி போய்க் கேளுங்கள்.